நகரைப் பேணுவோர்

ஒரு கட்டடம் எழும்பத் தொடங்கும்போது அதற்கு அடிக்கல் நாட்டியவர் பெயரைக் கல்லில் பொறிக்கின்றனர். அது முடிவுற்றுத் திறக்கப்படும்போது, திறந்து வைத்தவர் பெயரை மற்றொரு கல்லில் பொறிக்கின்றனர். பாலமாயினும், நீர்த்தேக்கமாயினும், பூங்காவாயினும் இதுவே வழக்கம். ஆக்கும் செயலுக்கு உலகம் இவ்வாறு சிறப்புச் செய்கிறது, அது தக்கதே. ஆயினும், ஆக்கிய பொருள் அடுத்த நாளே தேயத் தொடங்குகிறது. வெயில் அதனைச் சுடுகிறது. மழை அதனை அரிக்கிறது. மக்களின் கால்களும் வண்டிகளின் சக்கரங்களும் அதனைத் தேய்க்கின்றன. தேய்ந்ததை நிரப்பியும், உடைந்ததை ஒட்டியும், அடைபட்டதைத் திறந்தும், அதனை நாள்தோறும் நிலைநிறுத்துவோர் சிலர் உளர். அவர் பெயரைப் பொறித்த கல்லைக் காண்பது அரிது. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் பொதுப்பணிகளைப் பராமரிக்கும் தொழிலாளரே அவர்.

தமிழில் ‘பேணுதல்’ என்பது ஓர் அரிய சொல். விரும்புதல், போற்றுதல், பாதுகாத்தல் ஆகிய பொருள்கள் எல்லாம் அவ்வொரு சொல்லில் அடங்கும். குழந்தையைத் தாய் பேணுகிறாள். விருந்தினரை இல்லறத்தார் பேணுகின்றனர். நோயாளியைச் செவிலி பேணுகிறாள். ஒரே நாளில் செய்து முடித்துவிடும் செயலைப் பேணுதல் என்று எவரும் கூறார். இன்று செய்ததை நாளையும் செய்யவேண்டும். நாளை செய்வதை அதற்கு மறுநாளும் செய்யவேண்டும். அவ்வாறு ஓயாது தொடர்வதே பேணுதல். வள்ளுவப் பெருந்தகையும் அரசனுடைய திறத்தைக் கூறுமிடத்து, பொருளை ஈட்டுவதோடு அமையாது, அதனைக் காப்பதையும் ஒரு திறமாக வைத்து எண்ணினார். காத்தல் இல்லாத இடத்தில் ஈட்டல் பயன்படாது என்பது அவர் கருத்து.

நகரைப் பேணும் கடமை இக்காலத்தில் தோன்றியதன்று. சிந்துவெளியில் இருந்த மொகஞ்சதாரோ நகரில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே, தெருக்களின் ஓரமாகச் செங்கல்லால் கட்டிய வடிகால்கள் ஓடின. அவற்றின் மேல் செங்கற்களையும் கற்பலகைகளையும் பரப்பி மூடியிருந்தனர். வண்டல் தங்கும் குழிகளும் இடையிடையே அமைந்திருந்தன. எடுத்துத் திறக்கத்தக்க மூடியும், வண்டல் தங்கும் குழியும் எதற்காக? உள்ளே படிந்த சேற்றை அவ்வப்போது வாரி எடுப்பதற்காகவே. வைகைக் கரையில் உள்ள கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில் உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. நிலத்துக்கு அடியில் மறைவாக அமைந்த வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் பயில்கிறது. வடிகால் இருந்த இடத்தில் அதன் தூரை வாரியவரும் இருந்திருக்க வேண்டும் அன்றோ? வடிகாலின் எச்சம் மண்ணுக்குள் கிடைக்கிறது; தூர் வாரிய கையின் சுவடோ கிடைப்பதில்லை.

தமிழகத்தின் தலைநகராகிய சென்னையை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இத்தொழிலின் பரப்பு நன்கு விளங்கும். சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டில் தோன்றியது. இந்திய நாட்டு மாநகராட்சிகளுள் பழமையானது இதுவே. அதன் அலுவலகமாகிய ரிப்பன் மாளிகை 1913ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டில் செங்குன்றம் ஏரியின் நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களால் நகருக்குள் பகிரப்பட்டது. திறந்த கால்வாயில் வரும் நீர் மாசடைதல் இயல்பு. ஆதலின், 1914ஆம் ஆண்டை ஒட்டி, மூடிய கால்வாயும், மணல் வடிகட்டிகளும், நீரேற்றும் நிலையமும் அமைந்தன. அதே காலத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களும் பதிக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் குடிநீர், கழிவுநீர் ஆகிய இரண்டும் தனி வாரியம் ஒன்றின் பொறுப்பாயின. தெருக்கள், மழைநீர் வடிகால்கள், தெருவிளக்குகள், பூங்காக்கள் முதலியன மாநகராட்சியின் பொறுப்பாக நின்றன. எந்த அலுவலகத்தின் பொறுப்பாக இருப்பினும், கருவியைக் கையில் எடுத்து வேலை செய்பவர் தொழிலாளரே.

அவர் வேலை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. ஊர் உறங்கும் நேரத்தில் ஒருவர் நீண்ட இரும்புத் திறவுகோலைத் தோளில் சுமந்து தெருமுனைக்கு வருகிறார். நிலத்தில் பதிந்த சிறு மூடியைத் திறந்து, திறவுகோலை உள்ளே நுழைத்து, வால்வைத் திருகுகிறார். அவர் திருகிய பின்னரே தெருவிலுள்ள குழாய்களில் நீர் வருகிறது. இது மிக எளிய வேலை என்று பார்ப்பவர் எண்ணக்கூடும். ஆனால், வால்வை விரைந்து திருகுதல் ஆகாது. ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்தினால் உள்ளிருப்போர் முன்னோக்கி வீழ்வது போல, ஓடும் நீரைத் திடீரெனத் தடுத்தால் அதன் விசை முழுவதும் குழாயின் சுவரில் மோதும். அம்மோதலால் பழைய குழாய் வெடிப்பதும் உண்டு. ஆதலின், பழகிய தொழிலாளர் சிறிது சிறிதாகவே திருகுவார். எத்தனை சுற்றுத் திருகினால் மேட்டுத் தெருவுக்கு நீர் ஏறும், எத்தனை சுற்றுக் குறைத்தால் பள்ளத் தெருவில் நீர் வீணாகாது என்பதை அவர் கை அறியும்.

குழாய் நிலத்துக்கு அடியில் கசியுமாயின் அதனைக் கண்டறிவது எங்ஙனம்? தெருவெங்கும் தோண்டிப் பார்த்தல் இயலாது. இரவில், வண்டிகளின் ஓசை அடங்கிய பின்னர், தொழிலாளர் ஓர் இரும்புக் கோலைக் குழாயின் மீதோ வால்வின் மீதோ ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். கசியும் நீர் ஒருவகைச் சீறல் ஒலியை எழுப்பும். அவ்வொலி எவ்விடத்தில் மிகுகிறதோ அவ்விடத்தில் தோண்டுவார். இப்பொழுது ஒலியைப் பெருக்கிக் காட்டும் மின்கருவிகள் வந்துள்ளன. எனினும், கேட்ட ஒலி கசிவின் ஒலியா, வேறொன்றா என்று பகுத்தறிவதற்குப் பயின்ற செவி இன்றும் வேண்டும்.

கசிவை அடைப்பது நீரைச் சேமிப்பதற்காக மட்டுமன்று. நாள் முழுதும் நீர் ஓடாத ஊர்களில், நீர் நின்றவுடன் குழாய் வெறுமையாகிறது. அப்பொழுது வெளியிலுள்ள அழுக்கு நீர் கசிவுத் துளையின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் அவ்வழுக்கு குடிநீரோடு கலந்து வீடு வந்து சேர்கிறது. வாந்திபேதி, குடற்காய்ச்சல், மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் இவ்வாறு பரவுவன. 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு பகுதியில் வாந்திபேதி பலரைக் கொன்றது. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஆராய்ந்து, பிராட் தெருவில் இருந்த ஒரு நீரிறைக்கும் குழாயே நோயின் ஊற்று என்று உய்த்துணர்ந்தார். அவர் சொற்கேட்டு அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயின் வழியைக் கண்டது அறிஞரின் அறிவு. அவ்வழியை அடைத்தது கைப்பிடியைக் கழற்றிய கை. அறிவும் உழைப்பும் ஒன்றுபட்டாலன்றி ஊருக்கு நலம் விளையாது. இந்நாளில் குடிநீரில் குளோரின் கலக்கின்றனர். அது கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் அளவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது வரையறை. அதனைத் தெருத்தெருவாகச் சென்று சோதித்துப் பார்ப்பதும் பணியாளர் கடமைகளுள் ஒன்றாகும்.

பொழுது விடிந்த பின்னர்ச் சாலைப் பணியாளரின் வேலை தொடங்குகிறது. சாலைக்குப் பெரும்பகை வண்டி என்று பலர் எண்ணுவர். உண்மையில் நீரே பெரும்பகை. தார்ச்சாலையில் சிறு வெடிப்பு ஒன்று தோன்றினால் அதன் வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. அடியிலுள்ள சல்லியும் மண்ணும் நனைந்து இளகுகின்றன. மேலே வண்டி ஏறும்போது இளகிய அடித்தளம் அமிழ்கிறது, மேற்பரப்பு உடைகிறது. இவ்வாறு தோன்றிய சிறு பள்ளம் சில நாள்களில் பெருங்குழியாகிறது. இதனாலேயே நல்ல சாலையின் நடுப்பகுதி சற்றே உயர்ந்தும், இருபுறமும் தாழ்ந்தும் அமைக்கப்படுகிறது. நீர் நில்லாமல் ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும் என்பதே நோக்கம்.

பள்ளத்தை நிரப்புவதிலும் ஒரு முறை உண்டு. குழியில் தார் கலந்த சல்லியைக் கொட்டி மிதித்துவிட்டுச் செல்வது முறையன்று. அஃது அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். தேர்ந்த பணியாளர் முதலில் குழியின் ஓரங்களை நேராகச் செதுக்கிச் சதுரமாக்குவார். உள்ளிருக்கும் நீரையும் தளர்ந்த கற்களையும் புழுதியையும் அகற்றித் துடைப்பத்தால் பெருக்குவார். பின்னர் அடியிலும் ஓரங்களிலும் மெல்லியதாகத் தார் பூசுவார். அதன்மேல் தார் கலந்த சல்லியைப் படிப்படியாக இட்டு, ஒவ்வொரு படியையும் திமிசுக்கட்டையால் இடித்தோ, உருளையை ஓட்டியோ இறுக்குவார். மேற்பரப்பைச் சாலையின் மட்டத்தினும் சிறிது உயர்த்தியே முடிப்பார். வண்டிகள் ஏறி இறங்கும்போது அது படிந்து மட்டமாகும். சூளையிலிருந்து வரும் தார்க்கலவை 150 டிகிரி செல்சியஸ் அளவை ஒட்டிய வெம்மை உடையது. சித்திரை வெயில் மேலிருந்து எரிக்க, தாரின் வெம்மை கீழிருந்து எரிக்க, இவ்விரண்டுக்கும் நடுவே நின்று அவர் உழைக்கிறார். அவ்வளவும் செய்து முடித்த பின்னர், அங்கே ஒரு பள்ளம் இருந்தது என்பதையே மக்கள் மறந்துவிடுகின்றனர். மறந்துவிடுவதே அவர் வேலை செம்மையாக முடிந்ததற்குச் சான்று.

இத்தொழிலின் இயல்பே இதுதான். பாடகர் நன்றாகப் பாடினால் அவையோர் கைதட்டுகின்றனர். உழவர் நன்றாக உழுதால் விளைச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. பராமரிப்புத் தொழிலாளர் நன்றாக வேலை செய்தால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இல்லை. விளக்கு எரிகிறது, நீர் வருகிறது, வழி செப்பமாக இருக்கிறது, நாற்றம் இல்லை. இவையெல்லாம் தாமே நிகழ்வன என்று ஊரார் எண்ணிக்கொள்கின்றனர். ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் உடனே முறையீடு எழுகிறது. முறையீட்டின்போது மட்டும் நினைக்கப்படுவோர் இவர்கள்.

தெருவிளக்கைப் பேணும் மின்பணியாளர் கம்பத்தின் மேல் ஏறுமுன் மின்னோட்டத்தை நிறுத்துகிறார். நிறுத்திய பின்னரும் அது நின்றதா என்று கருவியால் சோதித்த பின்னரே கம்பியைத் தொடுகிறார். மழைக்காலத்தில் இரும்புக் கம்பத்தில் மின்சாரம் கசியுமாயின் அதனைத் தொடும் சிறுவனுக்கும் மாட்டுக்கும் உயிர் தப்பாது. ஆதலின், கம்பத்திலிருந்து நிலத்துக்குள் செல்லும் காப்புக் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பதைப் பருவமழைக்கு முன்னர்ப் பார்த்தல் வேண்டும். விளக்கு எரிவதைப் பலரும் காண்பர். நிலத்துக்குள் செல்லும் அக்கம்பியைக் காண்பவர் அவர் ஒருவரே.

சென்னை நகரம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையாகும். நகரம் கடலோரச் சமவெளியில் அமைந்தது; நிலத்தின் சரிவு மிகக் குறைவு. தெருவில் விழும் நீர் வடிகால் வழியே சென்று, கூவம், அடையாறு, கொசத்தலையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றை அடைந்து கடலில் கலத்தல் வேண்டும். சரிவு குறைந்த வடிகாலில் ஒரு சாண் சேறு படிந்தாலும் நீர் தேங்கிவிடும். ஆதலின், மழை தொடங்குமுன் வடிகால்களைத் தூர் வாரும் வேலை நடைபெறுகிறது. வாரும்போது வெளிவருவன மண்ணும் சேறும் மட்டும் அல்ல. ஞெகிழிப் பைகள், நீர்ப்புட்டிகள், கட்டட இடிபாடுகள், கிழிந்த மெத்தை, உடைந்த கண்ணாடி ஆகியனவும் வருகின்றன. ஒருவர் எறிந்த பொருளை மற்றொருவர் குனிந்து எடுக்கிறார்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருமழை கொட்டியது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, வீடுகளின் முதல் மாடி வரை நீர் ஏறிய இடங்களும் உண்டு. வெள்ளம் வடிந்த பின்னர்த் தெருக்கள் எல்லாம் சேறும், நனைந்து அழுகிய பொருள்களும், இறந்த விலங்குகளுமாகக் கிடந்தன. அவற்றை உடனே அகற்றாவிடில் கொள்ளைநோய் தோன்றியிருக்கும். அப்பொழுது தமிழகத்தின் பிற நகராட்சிகளிலிருந்தும் மாநகராட்சிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பணியாளர் சென்னைக்கு வந்து, இரவு பகலாக உழைத்தனர்.

அதற்கு முன்னர், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் உறவினரின் உடல்களைக் காணவும் அஞ்சி மக்கள் கலங்கி நின்ற வேளையில், வேறு ஊர்களின் நகராட்சிப் பணியாளர் அங்கே சென்றனர். இடிபாடுகளுக்குள் சிக்கிய உடல்களை எடுத்து அடக்கம் செய்யும் கொடுமையான கடமையை அவர்கள் ஏற்றனர். அவ்வுடல்கள் அவர்களுக்கு உறவல்ல. அவ்வூர் அவர்களின் ஊரன்று. இறந்தோர்க்குச் செய்யும் இறுதிக் கடனைப் பெரும் அறமாகக் கருதுவது தமிழர் மரபு. அந்நாள்களில் அவ்வறத்தை முன்னின்று செய்தவர்களுள் இவர்கள் தலையாயவர்.

இத்தொழில்களுள் மிகக் கொடியது பாதாளச் சாக்கடையின் அடைப்பை நீக்குதல். தெருவின் நடுவே வட்டமான இரும்பு மூடியிட்ட குழிகள் உண்டு. ‘ஆள்நுழைவுக் குழி’ என்று அவற்றை வழங்குவர். மூடிய சாக்கடைக்குள் கழிவு அழுகும்போது நச்சு வளிகள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அது முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அதன் அளவு மிகும்போது அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும், நாற்றம் நின்றுவிடும். நாற்றம் இல்லை, இனி அச்சமில்லை என்று எண்ணுபவன் அந்நேரத்தில்தான் பேரிடரில் நிற்கிறான். அவ்வளி காற்றினும் கனமானது. ஆதலின் குழியின் அடியில் தங்கும். மற்றொன்று மீத்தேன். அதற்கு நாற்றமே இல்லை. நெருப்புப் பொறி பட்டால் வெடிக்கும். இவ்வளிகள் நிறைந்த குழியில் மூச்சுக்குரிய ஆக்சிஜனும் குறைந்துவிடும். படிந்த சேற்றைக் கிளறியவுடன் அதில் அடங்கியிருந்த வளி குபீரென வெளிப்படுவதும் உண்டு. இறங்கியவர் ஓரிரு மூச்சில் மயங்கி வீழ்கிறார். அவரைத் தூக்கும் பொருட்டு இரண்டாமவர் இறங்குகிறார், அவரும் வீழ்கிறார். அவ்விருவரையும் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். ஒரே குழியில் இருவரும் மூவரும் மாண்ட செய்திகள் பலமுறை வந்ததற்குக் காரணம் இதுவே. அவர்களைக் கொன்றது நச்சுவளி மட்டுமன்று. தோழனைக் காக்கும் அன்பும், காக்கும் கருவி இல்லாமையும் சேர்ந்து கொன்றன.

இக்கொடுமையைத் தடுக்க நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993ஆம் ஆண்டில் வந்தது. அதனினும் விரிவான சட்டம் 2013ஆம் ஆண்டில் நிறைவேறியது. காப்புக் கருவிகள் இன்றிச் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஒருவரை இறக்குவது அச்சட்டத்தின்படி குற்றம். முதன்முறை அக்குற்றம் செய்தவர்க்கு 2 ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1993ஆம் ஆண்டு முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. பணம் குடும்பத்தின் பசியைத் தணிக்கும். போன உயிரை மீட்காது. ஆதலின், ஆளே இறங்காமல் இயந்திரத்தால் அடைப்பை நீக்குவதே உற்ற வழியாகும். மிகுந்த விசையோடு நீரைப் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் ஊர்திகளும், சேற்றை உறிஞ்சி எடுக்கும் ஊர்திகளும் நகரங்களில் பயன்படுகின்றன. குழிக்குள் தானே இறங்கிச் சேற்றை அள்ளும் எந்திரன் ஒன்றைக் கேரள நாட்டு இளம் பொறியாளர் உருவாக்க, அது 2018ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது.

கருவி வந்தும், சட்டம் வந்தும், இறப்புகள் முற்றும் நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம் பணக்குறை மட்டுமன்று, மனக்குறையும் ஆகும். இழிந்தது என்று ஊர் கருதிய வேலைகளைப் பிறப்பின் பெயரால் சில குலத்தார்மேல் சுமத்தி, தலைமுறை தலைமுறையாக அவர்களை அதிலேயே நிறுத்திய தீய வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அவ்வழக்கின் நிழல் இன்றும் அகலவில்லை. தனக்கு உறவில்லாத ஒருவன் உயிரை மலிவாக எண்ணும் மனமே காப்புக் கருவி வாங்கும் செலவை மிகையென்று எண்ணுகிறது. 1901ஆம் ஆண்டில் கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடியது. அங்கே கழிப்பிடங்கள் அருவருக்கத்தக்கனவாகக் கிடந்தன. தொண்டர்களோ, அவற்றைத் தூய்மை செய்வது தோட்டிகளின் வேலை என்று ஒதுங்கினர். காந்தியடிகள் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே தூய்மை செய்தார். அழுக்கை உண்டாக்குவது இழிவன்று, அதனை அகற்றுவதே இழிவு என்னும் தலைகீழான எண்ணத்தை அவர் அச்செயலால் கடிந்தார்.

மதிப்பு என்பது வாய்ச்சொல்லாக மட்டும் நின்றால் பயனில்லை. கையுறை, கால்உறை, தலைக்கவசம் ஆகியவை குறைவின்றிக் கிடைத்தல், உழைப்புக்கேற்ற ஊதியம் உரிய நாளில் வருதல், நோயுற்றால் மருத்துவமும் முதுமையில் ஓய்வூதியமும் அமைதல், பணியாளரின் பிள்ளைகள் தாம் விரும்பிய கல்வியைக் கற்று விரும்பிய தொழிலை மேற்கொள்ளுதல் ஆகிய இவையே மெய்யான மதிப்பின் அடையாளங்கள். இக்காலத்தில் பல நகரங்களில் இவ்வேலைகள் ஒப்பந்தக்காரர் வழியே நடைபெறுகின்றன. ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் நிலையான பணியில் உள்ளவரும் ஒரே சேற்றில்தான் நிற்கின்றனர். இருவருக்கும் வாய்த்தது ஒரே உயிர்தான். ஆதலின், இருவருக்கும் காப்பும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

நகரில் வாழும் மக்களுக்கும் கடமைகள் உண்டு. உடைந்த கண்ணாடியையும் கூரிய தகட்டையும் வெறுமனே குப்பையில் இடாமல், தாளில் சுற்றி அடையாளம் தெரியும்படி தனியே தருதல் வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைத்தல் வேண்டும். வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்தல் ஆகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் தடைசெய்தது. அத்தடையை மீறி எறியப்படும் ஒவ்வொரு பையும் எங்கோ ஒரு வடிகாலின் வாயை அடைக்கிறது. தெருவில் நீர் கசிவதைக் கண்டால் யாரேனும் சொல்வார் என்று கடந்து செல்லாமல் உரிய அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். தம் வீட்டுக் கழிவுத் தொட்டியின் அடைப்பை நீக்கச் சிறுகூலிக்கு ஓர் ஆளை இறக்கிவிடுவது சட்டத்துக்கும் அறத்துக்கும் புறம்பானது. அதற்குரிய ஊர்தியை வரவழைப்பதே முறை. இவற்றுள் எதுவும் பெருஞ்செயலன்று. ஆயினும், இவற்றைச் செய்வதால் ஒருவர் குனியவேண்டிய இடங்களில் சில குறையும். ஒருவர் உயிருக்கு வரும் இடர்களில் சில நீங்கும்.

வேலை செய்யும் பணியாளரை ‘ஏய்’ என்றும் ‘டேய்’ என்றும் அழைக்காமல், வயதுக்கும் உறவுமுறைக்கும் ஏற்ப ‘ஐயா’, ‘அண்ணா’, ‘அம்மா’, ‘அக்கா’ என்று அழைப்பதும் மாணவர் பழகவேண்டிய பண்பாகும். வெயிலில் தூர் வாருவோர்க்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. நல்ல மனம் இருந்தால் போதும்.

‘ஆள்நுழைவுக் குழி’ என்னும் பெயர், ஆளையே உள்ளே இறக்கிய காலத்தின் எச்சமாக வழங்குகிறது. அப்பெயரை மாற்றி, இனி அது இயந்திரம் நுழையும் குழியாகவே ஆகவேண்டும் என்னும் கருத்து இந்திய அரசின் 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இடம் பெற்றது. பெயரை மாற்றுதல் எளிது. வழக்கத்தை மாற்றுதல் அரிது. நாட்டின் கடைசிக் குழியிலும் ஆள் இறங்காத நாள் வரும்போதே அம்மாற்றம் முழுமை பெறும். அந்நாளைக் கொண்டுவரும் பொறுப்பு, இன்று பள்ளியில் பயிலும் மாணவரையும் சார்ந்தது. அவருள் சிலர் பொறியாளராகிப் புதிய கருவிகளை ஆக்குவர். சிலர் அலுவலராகி அக்கருவிகளை வாங்கக் கையெழுத்திடுவர். சிலர் மன்ற உறுப்பினராகிக் கேள்வி கேட்பர். சிலர் அத்தொழிலையே செய்வர். எந்நிலையில் இருப்பினும், நகரைப் பேணுவோரைப் பேணுவது நகரத்தாரின் கடமை என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.